கிடங்கு அறையில் கிடந்த ஈதர்

ஆய்வகப் பணியாளர் செங்கோட்டையன் அந்தப் பழுப்புநிறப் பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்து லேசாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டெல்லா கிடங்கு அறை வாசலுக்கு வந்தார்.

“அடியில என்னமோ உப்பாட்டம் ஒறஞ்சு கெடக்குதுங்க மேடம். மூடியத் தொறந்து பாக்கலாமுன்னா அசையமாட்டேங்குது.”

அவருடைய இன்னொரு கை மூடியின்மேல் இருந்தது.

ஸ்டெல்லா பாட்டிலின் கழுத்தைப் பார்த்தார். மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பாதி மங்கிப்போன லேபிளில் ஐசோபுரொப்பைல் ஈதர் என்ற பெயர் மட்டும் தெரிந்தது. வாங்கிய வருடம் இருக்க வேண்டிய இடத்தைப் பூச்சி அரித்திருந்தது.

பல வருடங்களாகக் கரிம வேதியியல் சொல்லிக்கொடுப்பவர், இந்த ஆய்வு மையத்தின் தலைவர் அவர். முதலாமாண்டு மாணவர்களுக்குக்கூட இதைச் சொல்லாமல் விட்டதில்லை. இந்த ஈதரைக் காற்றுப்பட வருடக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே பெராக்சைடு உண்டாகும். அது படிகமாகிவிட்டால் வெடிமருந்துதான். திரி வேண்டாம், தீ வேண்டாம். மூடியைத் திருகும்போது ஏற்படும் உராய்வே போதும். இத்தனை வருடத்தில் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தார். இப்போது அது ஒரு மனிதரின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

கத்தினால் அவர் திடுக்கிடுவார். ஸ்டெல்லா தன் குரலைத் தானே பிடித்து வைத்துக்கொண்டார்.

“அண்ணே, மூடியிலிருந்து கைய எடுத்துடுங்க. மெதுவா.”

செங்கோட்டையன் எடுத்தார். “ஏனுங்க?”

“அப்புறம் சொல்றேன். அந்தக் கைய பாட்டிலுக்கு அடியில கொடுங்க. பச்சக் குழந்தையத் தூக்கற மாதிரி. ஆட்டாம அப்படியே பக்கத்து மேஜையில வைங்க.”

இப்போது அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. கை நடுங்கத் தொடங்கியது. நடுங்குவதைப் பார்த்ததும் இன்னும் நடுங்கியது. பாட்டிலின் அடி மேஜையைத் தொட்டபோது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

“வெளிய வாங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

அவர் வெளியே வந்ததும் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா கதவைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றார். பாட்டில் இருந்த மேஜை, பழைய ஃப்ரீசரோடு ஒட்டிக் கிடந்தது. ஃப்ரீசரின் மோட்டார் அப்போதுதான் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மேஜை அதிர்ந்தது. பாட்டிலுக்குள் திரவம் மெல்ல நடுங்குவது வாசலில் இருந்தே தெரிந்தது.

அவர் வராண்டாவின் கோடிக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். மோட்டார் அடங்கியது. வெளியே விழாப் பந்தலில் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி வேறு இணைப்பில் இருந்ததால் பாடிக்கொண்டே இருந்தது.

அந்த மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான எடப்புளி நாட்டில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த மலை ஆய்வு மையம். பல்கலைக்கழகம் கீழே சமவெளியில் இருந்தது. மலைத் தாவரங்களின் வேதிப்பொருள்களை ஆராய என்று எப்போதோ ஓர் ஓட்டுக் கட்டடத்தில் தொடங்கியது அது. இப்போது பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. அன்று அதன் திறப்பு விழா. துணைவேந்தர் இளங்கோ வருகிறார். தில்லியிலிருந்து வந்திருக்கும் நிபுணர் குழுவையும் கூடவே அழைத்து வருகிறார். இந்த மையத்தை முழுத் துறையாக உயர்த்துவதா, இல்லை மூடிவிட்டுக் கீழே இருக்கும் துறையோடு சேர்ப்பதா என்று அந்தக் குழுதான் பரிந்துரைக்க வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில்தான் பந்தல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஜனம் நடந்தும் டெம்போவிலும் வந்துகொண்டிருந்தது. பந்தலின் முன்வரிசை நாற்காலியிலிருந்து கல்லை விட்டெறிந்தால் கிடங்கு அறை ஓட்டின்மேல் விழும்.

ஸ்டெல்லா காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். சேலத்திலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வர வேண்டும், மதியம் தாண்டிவிடும் என்றார்கள். அதுவரை யாரையும் அண்டவிடாதீர்கள் என்றார்கள். அடுத்து துணைவேந்தரை அழைத்தார்.

“அடிவாரம் காரவள்ளி எப்பவோ தாண்டிட்டோம் ஸ்டெல்லா. முக்கால்வாசி ஏறியாச்சு.”

“சார், விழாவை நிறுத்தணும். கிடங்குல பழைய ஐசோபுரொப்பைல் ஈதர், படிகம்...”

“என்ன? கேக்கல. வளைவுல இருக்கோம்...”

துண்டித்துப்போனது. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. இனி மேலே வரும்வரை சிக்னல் கிடைக்காது.

திரும்பியபோது ராதிகா வராண்டாவில் நின்றிருந்தாள். பைல் நாட்டுக்காரி. அவள் ஊரில் கல்லூரிக்குப் போன முதல் பெண். ஐந்து வருடமாக ஸ்டெல்லாவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். விழாவுக்காகப் புதுப் புடவை கட்டியிருந்தாள். அவள் கண் மெயின் சுவிட்சின்மேல் இருந்தது.

“மேடம், கரண்டு போயிருக்குதுங்களா?”

“நான்தான் நிறுத்தினேன்.”

ஸ்டெல்லா நடந்ததைச் சொன்னார். ராதிகா பாதிவரைதான் கேட்டாள்.

“என் சேம்பிளெல்லாம் அந்த ஃப்ரீசர்லதானுங்க இருக்குது.”

“தெரியும்.”

காட்டுக்கொடி ஒன்றின் வேரிலிருந்து மூட்டை மூட்டையாக எடுத்து, காயவைத்து, இடித்து, கரைத்து, பிரித்து, கடைசியில் விரல்நுனி அளவில் அவள் பிரித்தெடுத்த சேர்மங்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று இதுவரை யாரும் கண்டிராதது. அதன் அமைப்பை முழுதாக நிரூபிக்கத் தேவையான படிகம் போன மாதம்தான் வளர்ந்து வந்திருந்தது. அடுத்த வாரம் சென்னைக்கு எடுத்துப்போய் எக்ஸ்ரேயில் வைக்க வேண்டும். அறைவெப்பத்தில் அந்தச் சேர்மம் தாங்காது. மஞ்சளாகி, பிசுபிசுத்து, சில மணி நேரத்தில் ஒன்றுக்கும் உதவாமல் போகும். ஃப்ரீசர் நின்ற நிமிடத்திலிருந்து அது தொடங்கிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

“ஒரு நிமிசங்க மேடம். போனவொடனே எடுத்துட்டு வந்துர்றேனுங்க. பாட்டிலத் தொடமாட்டேன்.”

“அந்த ஃப்ரீசர் கதவு எப்படித் திறக்கும் சொல்லு.”

ரப்பரோடு பனி ஒட்டி இறுகியிருக்கும் கதவு அது. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். இழுக்கும்போது ஃப்ரீசரே நகரும். மேஜை அதோடு ஒட்டியிருக்கிறது.

“ஃப்ரீசர அசையாம நெகுக்கி வச்சு மெதுவாத் தொறக்கறேனுங்க.”

“வேண்டாம் ராதிகா. யாரும் உள்ள போகக் கூடாது. நானும் போகமாட்டேன்.”

“அவரு கையில இருந்தப்பவே வெளிய கொண்டாரச் சொல்லியிருக்கலாமில்லீங்க? பாட்டலு இந்நேரம் தோட்டத்துல இருந்திருக்குமில்லீங்க?”

அந்த நொடியில் ஸ்டெல்லாவுக்குத் தோன்றியதெல்லாம் அது அந்த மனிதரின் கையைவிட்டுப் போக வேண்டும் என்பதுதான். வாசற்படி உயரமானது, செங்கோட்டையன் தடுக்கியிருக்கலாம். தடுக்காமலும் இருந்திருக்கலாம்.

“அப்போ தோணல,” என்றார்.

கிடங்குக் கதவில் பூட்டு இல்லை. பூட்டுப்போடும் கொக்கியே துருப்பிடித்து விழுந்து வருடங்கள் ஆகியிருந்தன. செங்கோட்டையனை வராண்டா முனையில் நிறுத்தி, யார் வந்தாலும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பந்தலில் இருந்தவர்களை அப்புறப்படுத்த ஸ்டெல்லா இறங்கினார். அதற்குள் கார்கள் வந்துவிட்டன.

இளங்கோ காரிலிருந்து சிரித்த முகத்தோடு இறங்கினார். மாலை, கைதட்டல், பிள்ளைகளின் தாளம். ஸ்டெல்லா அவர் அருகில் போய்க் காதோடு சொன்னார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. குழுவினரைப் புதுக் கட்டடத்தின் அந்தப் பக்கத்திலிருந்த மிளகுத் தோட்டத்தைப் பார்க்க அனுப்பிவிட்டு, ஸ்டெல்லாவோடு ஓட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் வந்தார்.

அவரும் கரிம வேதியியல்காரர்தான். நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்து வருடங்கள் ஆகிவிட்டன என்றாலும் படித்தது மறக்கவில்லை. எட்ட நின்றபடி ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அடியிலயும் படிகம் இருக்கு,” என்றார்.

“கழுத்துலயும் இருக்கு சார்.”

“யார் வாங்கினது இது?”

“தெரியல. எனக்கு முன்னாடி இருந்தவங்க யாரோ. இங்க ஈதர் இருக்குன்னே யாருக்கும் தெரியாது.”

இளங்கோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பனிமூட்டம் விலகி வெயில் வரத் தொடங்கியிருந்தது. ஜன்னலின் நிழல் மேஜையின் ஓரத்தில் விழுந்திருந்தது. வெயில் அங்குலம் அங்குலமாகப் பாட்டிலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“ஸ்டெல்லா, நான் சொல்றத நிதானமாக் கேளுங்க. இது இத்தனை வருஷமா இங்கதான் கிடந்திருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் கிடக்காதா? விழாவைச் சுருக்கமா முடிச்சிடறேன். குழுவை அனுப்பிட்டு, அப்புறம் ஜனத்தை அனுப்பிடலாம்.”

“இத்தனை வருஷம் அத யாரும் தூக்கி ஆட்டல சார். இன்னைக்கு ஆட்டியாச்சு.”

“இந்தக் குழுவை இங்க வரவைக்க எனக்கு எத்தனை நாளாச்சு தெரியுமா? பாதுகாப்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதினாங்கன்னா மையம் போச்சு. இந்த மலைப் பிள்ளைங்களுக்கு இங்கயே ஒரு எம்.எஸ்சி. வரணும்னு கேட்டது நீங்கதானே?”

“நான்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைங்கதான் சார் அங்க பந்தல்ல உட்கார்ந்திருக்காங்க.”

“எனக்குப் பாடம் எடுக்காதீங்க!”

“நீங்க நிறுத்தலைன்னா நான் மைக்கைப் பிடிச்சு நிறுத்துவேன். என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க.”

இளங்கோ பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார். ஜன்னலுக்குள் அவர் பார்வை குத்திட்டு நின்றது.

“உள்ளே யார் அது?”

ஸ்டெல்லா திரும்பினார். கிடங்கு அறையின் கதவு திறந்திருந்தது. புதுப் புடவையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ராதிகா ஃப்ரீசரின் முன்னால் நின்றிருந்தாள்.

செங்கோட்டையன் தண்ணீர் குடிக்க நகர்ந்த நேரத்தில் அவள் நுழைந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார். வராண்டாவில் ஏறியதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மெல்ல நடந்து நிலைப்படியில் நின்றார்.

ராதிகாவின் இரண்டு கையும் ஃப்ரீசரின் கைப்பிடியில் இருந்தன. இன்னும் இழுக்கவில்லை. பாட்டில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

“ராதிகா.”

“கிட்ட வராதீங்க மேடம்.”

“வரல. நான் உள்ள வந்து உன்னப் பிடிச்சு இழுத்தா ரெண்டு பேரும் அந்த மேஜைமேலதான் விழுவோம். நான் இங்கயே நிக்கறேன்.”

“பனி உருக ஆரம்பிச்சிருச்சுங்க. கதவு லேசா வந்துரும்.”

“வரலாம். வராமலும் போகலாம்.”

“அஞ்சு வருசங்க! எங்கம்மா எத்தன மூட்ட வேரு தோண்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. நடு மழையில, அட்டக் கடிக்குள்ள... இது போச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். என்னால முடியாதுங்க.”

முடியும் என்று சொல்ல ஸ்டெல்லாவுக்கு வாய் வரவில்லை. அது அவருக்கே நிச்சயமில்லை.

“எனக்குத் தெரியாது ராதிகா. முடியுமோ முடியாதோ. ஆனா நீ அங்க நிக்கற வரைக்கும் நான் இந்த வாசல விட்டு நகரமாட்டேன். அது மட்டும் தெரியும்.”

“நீங்க போங்க மேடம்.”

“மாட்டேன்.”

“போங்கன்னா!”

“நீ கதவ இழுக்கறதா இருந்தா இழு. நான் இங்கதான் இருப்பேன்.”

வெளியே ஒலிபெருக்கி சட்டென்று நின்றது. பிறகு ஒரு குரல் கேட்டது. துணைவேந்தரின் குரல். அவருக்காக எழுதி வைத்திருந்த உரையின் குரல் அல்ல அது.

“எல்லாரும் எந்திரிங்க. விழா இல்ல. பக்கத்துல ஒரு ஆபத்தான ரசாயனம் இருக்கு. ஓடவேண்டாம், தள்ளவேண்டாம். டீச்சருங்க, பிள்ளைங்களக் கைபிடிச்சு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ரோட்டுலயும் நிக்காம அந்தக் கோயில் வரைக்கும் போயிடுங்க. அம்மா, நாற்காலிய விட்டுடுங்க, நீங்க போங்க.”

நாற்காலிகள் உரசும் சத்தமும், பிள்ளைகளைப் பேர் சொல்லி அழைக்கும் சத்தமும் எழுந்தன. ஸ்டெல்லா திரும்பவில்லை. அவர் பார்வை ராதிகாவின் விரல்களில் இருந்தது. விரல்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வெளுத்திருந்தன.

வெயில் பாட்டிலின் தோளைத் தொட்டுவிட்டது. உள்ளே இருந்த படிகங்கள் மின்னின.

வெகுநேரம் போல இருந்தது. ராதிகா முதலில் ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதை. தன் புடவை மேஜையில் உரசாதபடி ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வோர் அடியாக வைத்து வாசலுக்கு வந்தாள். நிலைப்படியில் ஸ்டெல்லா அவள் கையைப் பற்றினார். அவள் அந்தக் கையை உதறிவிட்டு, அழுதுகொண்டே ரோட்டை நோக்கி நடந்தாள்.

வெடிகுண்டு நிபுணர்களின் வண்டி மதியம் தாண்டி வந்தது. தலைமை தாங்கி வந்த சப்-இன்ஸ்பெக்டர் தனபால் அதிகம் பேசாத மனிதர். தொலைநோக்கியால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, ரோட்டோரம் நின்ற துணைவேந்தரிடமும் ஸ்டெல்லாவிடமும் விவரம் கேட்டுக்கொண்டார். தீயணைப்பு வண்டியும் வந்து நின்றிருந்தது. நிபுணர் குழுவினர் ஒருவரோடொருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வழி இருக்குங்க சார்,” என்றார் தனபால். “ஒண்ணு, நான் பாதுகாப்பு உடுப்பு போட்டுக்கிட்டு உள்ள போயி பாட்டில எடுத்து, பின்னாடி குழி வெட்டி அதுல வச்சு வெடிக்க வைக்கறது. கட்டடம் தப்பிச்சுக்கும். இன்னொண்ணு, மேஜைக்குக் கீழ சின்னதா ஒரு வெடிய வச்சுட்டு வந்து, அங்கயே வெடிக்க வைக்கறது. அறை மிஞ்சாது. உள்ள இருக்கறது எதுவும் மிஞ்சாது.”

“முதல் வழியில உங்களுக்கு ஆபத்து எவ்வளவு?” என்று கேட்டார் ஸ்டெல்லா.

“உடுப்பு நெஞ்சக் காப்பாத்தும். கையில ஒண்ணும் போட முடியாதுங்க, பிடி வேணுமில்ல.” அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். “நீங்க எதுன்னு சொல்லுங்க. நிறுவனத் தலைவர் சம்மதம் வேணும்.”

ராதிகா சற்றுத் தள்ளி ஒரு பலாமரத்தடியில் நின்றிருந்தாள். அவளுடைய அம்மா பாவாயி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது.

ஸ்டெல்லா அவளைப் பார்த்தார். அவளிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவளுடைய உழைப்பு, அவளே சொல்லட்டும். அவர் ஓர் அடி எடுத்து வைத்தபோது இளங்கோ தடுத்தார்.

“வேண்டாம் ஸ்டெல்லா.”

“அவளோட ஆராய்ச்சி சார்.”

“அதனாலதான். அந்தப் பொண்ணு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி, இவருக்குக் கை போச்சுன்னா அவ ஆயுசுக்கும் அத சுமக்கணும். வேண்டாம்னு சொன்னா, தன் அஞ்சு வருஷத்தத் தானே அழிச்ச மாதிரி ஆகும். இந்த நாற்காலியில நான் இருக்கேன், நானே சொல்றேன்.”

அவர் தனபாலிடம் திரும்பினார். “அங்கயே வெடிக்க வைங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

பாவாயி மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “சாமி, பாக்காத,” என்றார். ராதிகா தலையை விடுவித்துக்கொண்டு பார்த்தாள்.

தனபால் உள்ளே போய்வந்த அந்த நேரம்தான் எல்லோரையும் வதைத்தது. பருத்த உடுப்போடு ஒரு கரடிபோல வராண்டாவில் ஏறினார். உள்ளே மறைந்தார். ரோட்டில் நின்றவர்கள் இருமக்கூட இல்லை. இளங்கோவின் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தனபால் வெளியே வந்து, ஒயரை இழுத்துக்கொண்டு, மதிலுக்குப் பின்னால் வந்து படுத்தபோதுதான் மூச்சு வந்தது.

முதலில் பட்டாசு போல ஒரு சத்தம். அதோடு முடிந்தது என்று நினைப்பதற்குள் இரண்டாவது வந்தது. அது காதில் கேட்டதைவிடக் காலடியில்தான் அதிகம் கேட்டது. ஓடுகள் கூரையோடு எழும்பி, ஆகாயத்தில் ஒருகணம் நின்று, பந்தலின்மேல் மழையாகக் கொட்டின. முன்வரிசை நாற்காலிகள் கிடந்த இடத்தில் உத்திரத்தின் துண்டு ஒன்று வந்து குத்தி நின்றது. கிடங்கிலிருந்து தீ நெடுநெடுவென்று எழுந்தது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து பறவைகள் கூட்டமாகப் பறந்தன.

தீயணைப்புக் குழாயின் இரைச்சல் மட்டும் கேட்டது.

இளங்கோ பந்தலில் நின்ற அந்த உத்திரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஒரு மணி நேரம் கேட்டேனே ஸ்டெல்லா,” என்றார் கடைசியில்.

“கேட்டீங்க. அப்புறம் நீங்கதான் நிறுத்தினீங்க.”

“அந்தப் பொண்ண உள்ள பார்த்ததாலதான்.”



குழுவின் பரிந்துரை இரண்டு மாதம் கழித்து வந்தது. மையத்தில் ரசாயனங்களைக் கையாளும் ஒழுங்கு இல்லை. துறையாக உயர்த்துவது இப்போதைக்கு இயலாது. ஸ்டெல்லாவுக்கு அதில் குறை சொல்ல எதுவும் தெரியவில்லை. எழுதியிருந்தது உண்மை. பல்கலைக்கழக ஆட்சிக்குழு இளங்கோவைக் கூப்பிட்டு விசாரித்தது. மையத் தலைவரின் கவனக்குறைவு என்று ஓர் உறுப்பினர் எடுத்துக்கொடுத்தபோது, “பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் நான். கிடங்கில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை” என்று அவர் பதில் சொன்னதாக ஸ்டெல்லாவுக்குப் பிறகு தெரியவந்தது. மையத்தை மூடாமல் வைக்க மட்டும் அவரால் முடிந்தது. பதவிக்காலம் முடிவதற்குள், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லாக் கல்லூரிகளிலும் பழைய ஈதரைத் தேடச் சொல்லி உத்தரவு போட்டார். சில கல்லூரிகளின் அலமாரிகளிலிருந்து பொரிந்த கழுத்தோடு பாட்டில்கள் வந்தன. தனபாலுக்கு அந்த வருடம் வேலை அதிகம்.

ராதிகாவின் ஆய்வுக்காலத்தை நீட்டித்துக் கொடுத்ததும் இளங்கோதான். ஆனால் அந்த உத்தரவு வந்தபிறகும் அவள் மையத்துக்கு வரவில்லை. ஸ்டெல்லா போன் செய்தால் எடுக்கவில்லை. ஒருநாள் ஸ்டெல்லாவே பைல் நாட்டுக்குப் போனார். ராதிகா மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வெட்டிக்கொண்டே இருந்தாள். பாவாயிதான் வீட்டுக்குள் அழைத்துக் காப்பி கொடுத்தார்.

“கோவமாத்தானுங்க இருக்குது. இருந்துட்டுப் போவுது, உசுரோட இருக்குதில்லீங்க,” என்றார் பாவாயி.

மழை முடிந்து வேர் பருக்கும் பருவத்தில், ஒரு காலையில் ராதிகா ஒரு மூட்டை வேரோடு மையத்தின் வாசலில் வந்து நின்றாள். மூட்டையை இறக்கிவிட்டு, புதுக் கட்டடத்தில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஸ்டெல்லா மூட்டையைப் பிரித்து வேரைக் கழுவ உட்கார்ந்தார்.

இந்தமுறை வழி தெரிந்திருந்ததால் வேலை சீக்கிரம் நடந்தது. சேர்மங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. யாரும் கண்டிராத அந்தப் புதிய சேர்மமும் வந்தது. ஆனால் அது மட்டும் படிகமாகவில்லை. எந்தக் கரைப்பானில் போட்டாலும் எண்ணெயாகவே திரண்டு நின்றது. முதல்முறை அந்தப் படிகம் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை, வந்தது, அவ்வளவுதான். ஆய்வேட்டை அது இல்லாமலே எழுதி முடித்தாள்.

வாய்மொழித் தேர்வு கீழே பல்கலைக்கழகத்தில் நடந்தது. துறை அரங்கில் ஸ்டெல்லா முன்வரிசையில் இருந்தார். இப்போது வெறும் பேராசிரியராகத் துறைக்குத் திரும்பிவிட்ட இளங்கோ கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாவாயியும் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால் அவர் மகளின் முகத்தையும் கேள்வி கேட்டவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடைசியாக அதைத்தான் கேட்டார். இந்தச் சேர்மத்தின் அமைப்புக்குப் படிகச் சான்று எங்கே? மற்றச் சோதனைகள் போதும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

ராதிகா பேனாவை மேஜையில் வைத்தாள்.

“போதாது,” என்றாள். “ஒருமுறை படிகம் கிடைத்தது. விபத்தில் போய்விட்டது. மறுபடி முயன்றேன், வரவில்லை. அதனால் இந்த அமைப்பை நிரூபிக்கப்பட்டது என்று நான் எங்கும் எழுதவில்லை. முன்மொழிவு என்றுதான் எழுதியிருக்கிறேன்.”

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தார். தலையசைத்தார். வேறு கேள்வி இல்லை என்றார்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதாக அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. வராண்டாவில் ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்தபோது ராதிகா உதறவில்லை.

“இன்னும் கோபம் இருக்கா?”

“இருக்குதுங்க மேடம். கொறஞ்சிருக்குது.” அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பாவாயி இருவரையும் பார்த்தபடி அருகில் வந்தார். “அல்லாம் முடிஞ்சுதா கண்ணு?”

“முடிஞ்சுதும்மா. அந்த ஒண்ணு மட்டும் இன்னும் வரல.”

“வேரு பத்தலைன்னா சொல்லு. மேக்கால சரிவுல நெறையாக் கெடக்குது.”

“பத்தாதும்மா,” என்றாள் ராதிகா. “நாளைக்கே போலாம்.”